உரைகல்லை உரைத்தவர்கள்

பழைய நகையொன்றை விற்பதற்காக ஒருவர் கடைக்கு எடுத்துச் செல்கிறார். அதை வாங்க இருக்கும் வணிகர் தம்முடைய உரைகல்லிலேயே உரைத்துப் பார்த்து, "மாற்றுக் குறைவு" என்று சொல்லிவிடுகிறார். நகைக்கு உரியவருக்கு உரை பார்க்கத் தெரியாது. வணிகருக்கோ, மாற்றுக் குறைவு என்று சொல்வதில்தான் இலாபம். இந்த நிலையில் உண்மையைக் காண ஒரு வழி உண்டு. ஐயத்துக்கு இடமில்லாத பசும்பொன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அதே கல்லில் உரைக்கச் சொல்ல வேண்டும். அதையும் மாற்றுக் குறைவு என்று அவர் கூறுவாரானால், குறை பொன்னில் இல்லை, சோதனையில்தான் இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

கணினிகளின் வரலாற்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு பெரும் வஞ்சகத்தைப் பற்றி இங்கே கூற முற்படுகிறோம். அதை வெளிப்படுத்தியவர்கள் கையாண்ட முறையும் மேலே சொன்ன முறையேயாகும். "உங்கள் கணினியில் உளவாளி ஒருவன் ஒளிந்திருக்கிறான், இலவசமாகச் சோதித்துக் காட்டுகிறோம்" என்று அழைத்து, சோதனையின் பெயரால் அச்சத்தை ஊட்டி, அச்சத்தின் பெயரால் பொருள் பறித்தவர்களின் கதை இது.

உளவு மென்பொருள் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினிக்கு உரியவர் அறியாமல் அதனுள் புகுந்து, அவர் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார், எதை வாங்குகிறார், சில வேளைகளில் எந்தக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கிறார் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு வேறொருவருக்கு அனுப்பும் நிரலையே அவ்வாறு அழைக்கிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்பைவேர் என்ற சொல் இன்று தமிழிலும் பழகிவிட்டது. இந்த உளவாளி கற்பனைப் பேய் அன்று, மெய்யாகவே இருப்பவன். பொய்ச் சோதனை செய்தவர்களின் வெற்றிக்கு மூலகாரணமும் இதுவே. இல்லாத நோயைக் காட்டி எவரையும் நெடுநாள் அச்சுறுத்த முடியாது. ஊரில் உண்மையாகவே பரவியிருக்கும் நோயைக் காட்டித்தான் நலமாக இருப்பவனையும் நடுங்கச் செய்யலாம்.

அச்சம் விற்பனைக்கு உதவும் என்பதைக் கணினி உலகம் முன்பே கண்டிருந்தது. 1991-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட மைக்கேலாஞ்சலோ என்ற வைரஸ், அந்தப் புகழ்பெற்ற சிற்பியின் பிறந்த நாளான மார்ச் 6 அன்று கணினிகளில் உள்ள செய்திகளை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. 1992-இல் அந்த நாள் நெருங்கியபோது, 50 இலட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று தடுப்பு மென்பொருள் தயாரிப்பாளரான ஜான் மெக்காஃபி கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின. மக்கள் தடுப்பு மென்பொருளை விரைந்து வாங்கினார்கள். அந்த நாளும் வந்து சென்றது. உண்மையில் பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்களே. வைரஸ் மெய்யானதுதான், அதன் அளவுதான் மிகைப்பட்டது. பின்னர் வந்தவர்களோ, இல்லாததையே இருப்பதாகக் காட்டத் துணிந்தார்கள்.

உளவு மென்பொருளை எதிர்த்து முதலில் எழுந்த கருவிகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தின் விளைவாகவே தோன்றின. 1999-இல் லாவாசாஃப்ட் நிறுவனம் ஆட்-அவேர் என்ற கருவியை வெளியிட்டது. 2000-ஆம் ஆண்டில், இலவச மென்பொருள்கள் சிலவற்றின் உள்ளே விளம்பரக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் பகுதிகள் மறைந்திருப்பதைக் கண்ட அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்ஸன், அவற்றை நீக்கும் சிறிய கருவி ஒன்றை எழுதி எல்லோருக்கும் வழங்கினார். அதே காலத்தில் ஜெர்மனியில் பேட்ரிக் கோல்லா என்பவர் ஸ்பைபாட் என்ற இலவசக் கருவியை உருவாக்கினார். இவர்கள் சோதித்தார்கள், கண்டதைச் சொன்னார்கள், பொருள் கேட்காமலே நீக்கியும் கொடுத்தார்கள்.

2004-ஆம் ஆண்டுக்குள் உளவு மென்பொருளின் தொல்லை எங்கும் பெருகிவிட்டது. அந்த ஆண்டில் அமெரிக்காவில் 329 வீடுகளின் கணினிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, நூற்றுக்கு 80 வீடுகளில் ஏதேனும் ஒரு வகை உளவு மென்பொருள் இருப்பதாகத் தெரிவித்தது. அவற்றுக்கு உரியவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாதிருந்தனர். இந்தச் செய்தி பரவியவுடன், கணினி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் "என் கணினியிலும் இருக்குமோ?" என்ற ஐயம் பிறந்தது. ஐயம் பிறந்த இடத்தில் சந்தை பிறந்தது. நல்ல கருவிகளின் பெயரைப் போலவே பெயர் சூடிய கருவிகள் மழைக்காலத்துக் காளான்களைப் போல முளைத்தன. எல்லாமே "இலவசச் சோதனை" என்று கூவின. சோதனை மட்டுந்தான் இலவசம்; நீக்குவதற்கு விலை உண்டு.

இந்த ஏற்பாட்டில் அடங்கியுள்ள ஆபத்தைக் கவனிக்க வேண்டும். சோதிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவரே. சோதனையில் ஒன்றும் அகப்படாவிட்டால் விற்பனை இல்லை; அகப்பட்டால் விற்பனை உண்டு. நேர்மையுள்ளவருக்கே இது சோதனையான நிலை. நேர்மையற்றவருக்கோ திறந்த வாசல். சிலர் முதலில் அற்பமானவற்றைப் பெரிதாக்கினார்கள். இணையதளங்கள் நம்மை அடையாளம் கண்டுகொள்ளக் கணினியில் இட்டுவைக்கும் குக்கி எனப்படும் சிறு குறிப்புகள் ஏறக்குறைய ஒவ்வொரு கணினியிலும் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, "நூறு அபாயங்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று சிவப்பு எழுத்தில் காட்டினார்கள். அடுத்த படியில், தீங்கற்ற மென்பொருள்களையே உளவாளிகள் என்றார்கள். இறுதிப் படியில், எதையுமே பார்க்காமல் எல்லாவற்றையும் கண்டதாகச் சொன்னார்கள்.

இந்த வியாபாரத்தின் மீது முதன்முதலாகக் கைவைத்த அரசு அமைப்புகளுள் அமெரிக்காவின் மத்திய வாணிப ஆணையம் முக்கியமானது. 2005 மார்ச் மாதத்தில் அந்த ஆணையம், வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஸ்பைவேர் அஸாஸின் என்ற கருவியை விற்றவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. உளவாளியைக் கொல்பவன் என்பது அப்பெயரின் பொருள். திடீரென்று திரையில் தோன்றும் எச்சரிக்கைகளின் வாயிலாக மக்களை இழுத்து, இலவசச் சோதனை செய்து, 29 டாலர் 95 சென்ட்டுக்குக் கருவியை விற்றார்கள். தூய்மையான கணினியில் நடத்தினாலும் அந்தச் சோதனை உளவு மென்பொருள் இருப்பதாகவே சொல்லும் என்பதுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. பசும்பொன்னை அதே கல்லில் உரைத்துப் பார்க்கும் முறை கணினிச் சந்தைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்றின் மீதும் வழக்கு வந்தது. அது ஸ்பைகில்லர் என்ற கருவியை விற்றுவந்தது. உபயோகமான சாதாரண மென்பொருள்களையும் அக்கருவி உளவாளிகளின் பட்டியலில் சேர்த்துக் காட்டியதாகவும், மெய்யான உளவாளிகளை நீக்குவதாகச் சொன்ன அளவுக்கு நீக்கவில்லை என்றும் ஆணையம் கூறியது. 2006 ஜனவரியில் இவ்விரு வழக்குகளும் உடன்பாட்டில் முடிந்தன. ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் டாலரை இரு தரப்பினரும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஜனவரி மாதத்திலேயே வாஷிங்டன் மாநில அரசு, 2005-இல் தான் இயற்றிய உளவு மென்பொருள் சட்டத்தின்கீழ் முதல் வழக்கைத் தொடுத்தது. உளவு மென்பொருளைப் பரப்பியவர்கள்மீது வரவேண்டிய முதல் வழக்கு, உளவு மென்பொருளை ஒழிப்பதாகச் சொன்னவர்கள்மீது வந்தது வியப்புக்குரியது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த செக்யூர் கம்ப்யூட்டர் என்ற நிறுவனத்தின் ஸ்பைவேர் கிளீனர் என்ற கருவி 49 டாலர் 95 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. தூய்மையான கணினியிலும் அது தவறாமல் உளவு மென்பொருளைக் "கண்டுபிடித்தது". அதைவிடக் கொடுமை, தீய தளங்களுக்குச் செல்லாமல் தடுப்பதற்கென்று சிலர் தங்கள் கணினியில் எழுதிவைத்திருந்த பாதுகாப்புப் பட்டியலையும் அது அழித்துவிட்டது என்று அரசு குற்றம் சாட்டியது. காவலன் என்று உள்ளே வந்தவன், இருந்த பூட்டையும் கழற்றி எறிந்தான். அந்த ஆண்டு டிசம்பரில் 10 இலட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். நல்ல கருவிகளும் தவறிழைப்பதில்லையா என்று கேட்கலாம். இழைப்பது உண்டு. தடுப்பு மென்பொருள், முன்னர் அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, கணினியில் உள்ள கோப்புகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அடையாளத்தில் பிழை நேர்ந்தால் நிரபராதியும் குற்றவாளியாகிவிடுவான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட புதிய பட்டியல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிகளுக்கு இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று கருதி முடக்கியது. உலகெங்கும் பல கணினிகள் செயலிழந்தன. ஆனால் அந்தப் பிழையால் நிறுவனத்துக்கு இலாபம் இல்லை, நட்டமே. ஆகவே அது விரைந்து திருத்தப்பட்டது. பொய்ச் சோதனையின் "பிழை"யோ எப்போதும் விற்பவரின் பக்கமே சாய்கிறது. அது திருத்தப்படுவதும் இல்லை. தவறுக்கும் வஞ்சகத்துக்கும் உள்ள வேற்றுமையை அறிய இதைவிடச் சிறந்த அடையாளம் இல்லை.

வழக்குகள் வந்தபின்னும் வஞ்சகம் ஓயவில்லை. மாறாக, பெருந்தொழிலாக வளர்ந்தது. 2008 டிசம்பரில் மத்திய வாணிப ஆணையம் இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பெலீஸ் நாட்டில் பதிவு செய்யப்பட்டிருந்த அந்த நிறுவனத்துக்கு உக்ரைனின் தலைநகரான கீவ் நகரில் அலுவலகம் இருந்தது. வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்.பி. ஆன்டிவைரஸ் எனப் பல பெயர்களில் கருவிகளை விற்றது. ஏமாந்தவர்கள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று ஆணையம் கணக்கிட்டது.

அவர்கள் கையாண்ட தந்திரம் நாடகத்தைப் போன்றது. மதிப்புள்ள நிறுவனங்களின் பெயரால் இணையதளங்களில் விளம்பர இடத்தை வாங்கினார்கள். விளம்பரத்தைப் பரிசீலிக்கும் தள ஊழியர்களுக்கு ஒரு சாதுவான படம் தெரியும். பொதுமக்களுக்கோ வேறொரு காட்சி தோன்றும். திரையில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்து, கோப்புகளின் பெயர்கள் ஓடி, சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவர் தம்முடைய கணினி சோதிக்கப்படுவதாக எண்ணுவார். உண்மையில் நடந்தது வெறும் அசையும் படம். கணினியினுள் ஒரு கோப்பைக்கூட எவரும் தொட்டுப் பார்க்கவில்லை. 2012-இல் நீதிமன்றம், இந்த வணிகத்தில் பங்குகொண்ட கடைசிப் பிரதிவாதி 16 கோடியே 30 இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த ஆண்டுகளில் இந்த வணிகம் எவ்வளவு பரந்திருந்தது என்பதை சிமான்டெக் நிறுவனம் 2009 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து உணரலாம். 2008 ஜூலை முதல் 2009 ஜூன் வரையிலான ஓராண்டில் 250 போலிக் கருவிகள் சார்ந்த 4 கோடியே 30 இலட்சம் நிறுவல் முயற்சிகளை அது பதிவு செய்தது. அவற்றுள் முதல் 50 கருவிகளை எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 93 நிறுவல்களில் கணினிக்கு உரியவரே தம் விருப்பத்தின்பேரில் அக்கருவியை இறக்கிக்கொண்டிருந்தார் என்பது அறிக்கையின் முக்கியமான செய்தி. கள்வன் சுவரேறிக் குதிக்கவில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து, கூலியும் கொடுத்து, உள்ளே அழைத்தார். அவரை முட்டாள் என்று இகழ்வது நியாயமாகாது. அவர் கவனமின்மையால் ஏமாறவில்லை. கவனமாக இருக்க விரும்பியதாலேயே ஏமாந்தார். பாதுகாப்பைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாதவர் அந்த எச்சரிக்கையை மூடிவிட்டுப் போயிருப்பார். பொறுப்புணர்ச்சியையே தூண்டிலாக்கியதுதான் இந்த வஞ்சகத்தின் உண்மையான கொடுமை.

பெயர்பெற்ற தளங்களும் தப்பவில்லை. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் இணையதளத்திலேயே ஒரு போலிச் சோதனை விளம்பரம் வார இறுதியில் தோன்றியது. தொலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரம் என்ற வேடத்தில் அது நுழைந்திருந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளுக்கு இத்தகைய தொல்லை இல்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு 2011 மே மாதத்தில் மேக் டிஃபெண்டர் என்ற போலிக் கருவி பாடம் கற்பித்தது.

திரையில் நடந்த நாடகம் பின்னர் தொலைபேசிக்கும் வந்தது. இந்தக் கட்டத்தில் நம் நாட்டின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற நேர்ந்தது. 2012 அக்டோபரில் மத்திய வாணிப ஆணையம் ஆறு வழக்குகளை அறிவித்தது. அவற்றில் தொடர்புடையோருள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து தொலைபேசியில் பேசியவர்கள். பெரிய கணினி நிறுவனங்களின் பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொண்டு, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் மக்களை அழைத்தார்கள். விண்டோஸ் கணினி தன் அன்றாட நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. நன்றாக இயங்கும் கணினியிலும் அதில் மஞ்சள், சிவப்புக் குறிகள் நிறைந்திருப்பது வழக்கம். அந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, "பாருங்கள், இத்தனை வைரஸ்கள்" என்றார்கள். பிறகு 49 டாலர் முதல் 450 டாலர் வரை கேட்டார்கள். எந்தக் கணினியைத் திறந்தாலும் தோற்கும்படியான சோதனை அது. 2023 அக்டோபரில் நமது மத்தியப் புலனாய்வுத் துறை சக்ரா என்ற பெயரில் இரண்டாவது முறையாக நடவடிக்கை எடுத்து 76 இடங்களில் சோதனையிட்டது. அவ்வழக்குகளுள் சில, அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களின் பெயரைச் சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றிய இத்தகைய அழைப்பு நிலையங்களைப் பற்றியவை.

இருளில் மறைந்து வாழும் கூட்டத்தார் மட்டுமே இப்படிச் செய்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. கடைத்தெருவில் பெயர்ப்பலகை தாங்கி நின்ற நிறுவனமும் இந்தக் குற்றச்சாட்டுக்கு உள்ளானது. ஆஃபீஸ் டிப்போ என்பது அமெரிக்காவின் பெரிய அலுவலகப் பொருள் கடைகளுள் ஒன்று. தங்கள் கணினியைக் கொண்டுவந்தவர்களுக்கு அங்கே இலவச உடல்நலச் சோதனை நடத்தப்பட்டது. 2009 முதல் 2016 நவம்பர் வரை நடந்த அச்சோதனையின் தொடக்கத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. கணினி மெதுவாக இயங்குகிறதா, அடிக்கடி நின்றுவிடுகிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா, வேண்டாத விளம்பரங்கள் தோன்றுகின்றனவா என்பன போன்ற கேள்விகள் அவை. ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்தாலே தீய மென்பொருளின் அறிகுறி காணப்பட்டதாக முடிவு வந்துவிடும். பின்னால் ஓடிய சோதனைக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்று ஆணையம் கூறியது. பழுது நீக்கும் செலவோ 300 டாலர் வரை சென்றது.

இதை வெளிப்படுத்தியவர்கள் உள்ளே வேலைபார்த்த ஊழியர்களே. வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை என்று 2012-ஆம் ஆண்டிலேயே ஓர் ஊழியர் மேலிடத்துக்கு முறையிட்டிருந்தார். அது பயன்படவில்லை. 2016 நவம்பரில் சியாட்டில் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, ஊழியர் ஒருவர் தந்த செய்தியைக் கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்த புத்தம்புதிய கணினிகளைக் கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தது. அவற்றுள் சிலவற்றுக்கும் நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டது! மீண்டும் பசும்பொன், மீண்டும் மாற்றுக் குறைவு. 2019 மார்ச்சில் ஆஃபீஸ் டிப்போ 2 கோடியே 50 இலட்சம் டாலரும், சோதனை மென்பொருளை அளித்த சப்போர்ட்.காம் நிறுவனம் 1 கோடி டாலரும் செலுத்த உடன்பட்டன.

இன்றும் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 2021-இல், பெகாசஸ் என்ற கொடிய உளவு மென்பொருளைப் பற்றிய செய்திகள் உலகெங்கும் பரவியபோது, ஆம்னெஸ்டி இண்டர்நேஷனல் அமைப்பின் தளத்தைப் போலவே ஒரு போலித் தளம் தோன்றி, பெகாசஸை நீக்கும் கருவி என்று ஒன்றை வழங்கியது. அதை நிறுவியவரின் கணினி அயலாரின் கைக்குப் போயிற்று. 2024 மார்ச்சில் சைப்ரஸ் நாட்டைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் ஆகிய நிறுவனங்கள் 2 கோடியே 60 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டன. ஆணையத்தின் புலனாய்வாளர்கள் பழுதில்லாத கணினியில் அவர்களுடைய சோதனையை நடத்தியபோது நூற்றுக்கணக்கான கோளாறுகள் இருப்பதாக அது காட்டியது. 2025-இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் திருப்பியளிக்கப்பட்டது.

மற்றொரு நிகழ்ச்சியையும் குறிப்பிடாமல் விடலாகாது. உலகெங்கும் பயன்பட்ட மெய்யான தடுப்பு மென்பொருளான அவாஸ்ட், பின்தொடரும் உளவுக் குறிப்புகளைத் தடுப்பதாக விளம்பரம் செய்துகொண்டே, தன்னை நம்பியவர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் 2014 முதல் 2020 வரை விற்றதாக ஆணையம் கூறியது. 2024-இல் அந்நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. சோதனை உண்மையாக இருந்தாலும், சோதிப்பவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கேட்கப்பட வேண்டியதே என்பதை இது உணர்த்துகிறது.

இத்தகைய வஞ்சகம் நமக்குப் புதிதன்று. தலைவலி, களைப்பு, மறதி என்று யாவருக்கும் எப்போதாவது வரும் குறிகளைப் பட்டியலிட்டு, இவை இருந்தால் கொடிய நோய் என்று அச்சுறுத்தி மருந்து விற்ற விளம்பரங்களை நம் நாடு முன்பே கண்டது. அத்தகையவற்றைக் கட்டுப்படுத்தவே, மருந்துகளையும் மாய நிவாரணங்களையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், இணைய வணிகத்தில் வாங்குபவரை மயக்கும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. கணினியில் வைரஸ் இருப்பதாக நம்பவைத்துப் போலி நீக்கக் கருவிக்குப் பணம் கொடுக்கச் செய்வது அவற்றுள் ஒன்று.

சட்டம் மட்டும் போதாது. விலையில்லாத உண்மைச் சோதனையும் கைக்கெட்ட வேண்டும். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாகத் தடுப்பு மென்பொருள் கணினியோடு சேர்ந்தே வருகிறது. நமது மத்திய அரசு 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரம் என்ற அமைப்பைத் தொடங்கி, தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கிவருகிறது. இவற்றை அறிந்தவரிடம் அச்சத்தை விற்பது எளிதன்று. ஏமாந்தவர்கள் வெட்கத்தால் மறைக்காமல் 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே முறையிடலாம்.

மெய்யான சோதனை எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. போலித் தளத்துக்கு இரையான அதே ஆம்னெஸ்டி அமைப்பு, கைப்பேசிகளில் பெகாசஸின் தடயத்தைத் தேடும் கருவி ஒன்றை 2021 ஜூலையில் வெளியிட்டது. அது எவரும் திறந்து படித்துப் பார்க்கக்கூடிய நிரல், விலை இல்லை, நீக்கித் தருவதாக வாக்குறுதி இல்லை, அறிந்த தடயங்களோடு ஒப்பிட்டு, எது பொருந்தியது என்பதை மட்டும் சொல்கிறது. தடயம் அகப்படாததனாலேயே கைப்பேசி தூய்மையானது என்று உறுதி கூறிவிட முடியாது என்பதை அத்துறையினர் ஒப்புக்கொள்கிறார்கள். பொய்ச் சோதனை நொடியில் முடிவைச் சொல்லும். மெய்ச் சோதனை தன் எல்லையையும் சேர்த்துச் சொல்லும்.

ஏமாந்தவர் இழந்தது முப்பது அல்லது முந்நூறு டாலர் மட்டுமென்று கருதுவதற்கில்லை. "புலி வருகிறது" என்ற பொய்க் கூச்சலைப் பலமுறை கேட்டவர்கள், புலி மெய்யாகவே வந்த நாளில் வாளாவிருந்துவிடுவார்கள். உண்மையான எச்சரிக்கைக்கும் போலி எச்சரிக்கைக்கும் வேற்றுமை காண முடியாமற் போகும்போது, மக்கள் இரண்டையுமே புறக்கணிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், குடும்பப் படங்களும் கணினியிலும் கைப்பேசியிலும் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் புறக்கணிப்பு பேராபத்தாகும்.

ஆகவே, அழையாமல் வந்து சோதிக்கிறேன் என்பவரைக் கண்டால், மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வது நலம். இவரை அழைத்தது யார்? நோய் இருக்கிறது என்று சொல்வதால் இவருக்கு என்ன இலாபம்? நோயில்லாத கணினியைக் காட்டினால் இவர் நோயில்லை என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தபடியே விடை காண முடியாது. அதைக் காண்பதற்குத்தான் ஆணையங்களும், நீதிமன்றங்களும், விழிப்புள்ள பத்திரிகைகளும், மனச்சாட்சியுள்ள ஊழியர்களும் தேவைப்படுகிறார்கள். முதலிரண்டு கேள்விகளுக்கோ யாருடைய துணையும் வேண்டியதில்லை. அவற்றைக் கேட்கும் பழக்கம் நம் வீடுகளில், சிறப்பாக வயது முதிர்ந்தோர் தனித்திருக்கும் வீடுகளில், பரவுமானால், பொய் உரைகல்லை ஏந்தித் திரிபவர்களுக்கு வேலை குறைந்துவிடும்.